கல்வாரிக்குப் பென்ஹர் எதற்கு?

தவக்காலம் வந்துவிட்டால் போதும், எங்கள் பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கிறிஸ்தவ ஊர்களில் பாஸ்கா பேச்சு ஆரம்பித்துவிடும். பாஸ்கா என்றால் என்ன என்று கேட்கிற நண்பர்களுக்கு ஒரு வரியில்: இயேசுவின் பாடுகளை ஊர்க்காரர்களே வேஷம் கட்டி, மேடை போட்டு, ராத்திரியில் நடத்தும் நாடகம். பிலாத்து வேஷம் போடுபவர் பகலில் உரக்கடை வைத்திருப்பார். யூதாஸ் வேஷக்காரர் மறுநாள் டீக்கடைப் பக்கம் வந்தால், "முப்பது வெள்ளிக்காசு என்னாச்சு மாமா?" என்று பையன்கள் கலாய்ப்பார்கள். ரோமப் படைவீரர்கள் எல்லாம் காலேஜ் படிக்கிற பசங்க. அட்டைக் கவசம், சில்வர் பெயிண்ட், காலில் மட்டும் ஹவாய் செருப்பு :-)

இந்த நாடகத்தில் எனக்கு எல்லாமே பிடிக்கும், ஒன்றைத் தவிர. மேடையில் இருப்பது முழுக்க நம்ம ஊர். ஸ்பீக்கரில் வருவது மட்டும் ஹாலிவுட்!

முன்பு கேசட், பிறகு சிடி, இப்போது பென் டிரைவ். பொருள் மாறியதே தவிரப் பழக்கம் மாறவில்லை. எருசலேம் நுழைவுக்கு 'டென் கமாண்ட்மெண்ட்ஸ்'. பிலாத்து அரண்மனைக்கு 'பென்ஹர்' எக்காளம். சாட்டையடிக்கு அந்தப் பயங்கரமான லத்தீன் கோரஸ் (அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்). உயிர்ப்புக்கு ஹேண்டலின் அல்லேலூயா. நான் பார்த்த வரைக்கும் ஏறக்குறைய இதுதான் மெனு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மேற்கத்திய இசைக்கு எதிரி இல்லை. அந்தக் காலத்து விவிலியப் படங்களின் இசை எனக்கு உயிர். நூறு வயலின், ஒரு பெரிய பாடகர் குழு, நடுவில் எக்காளம்... இதையெல்லாம் சேர்த்து ஒரு மனுஷன் எழுதியிருக்கிறான் என்பதே ஆச்சரியம். ஆனால் அந்த இசையை உண்மையாக மதிக்கிறவர்கள் அதைத் தூக்கி நம்ம பாஸ்காவில் போடக்கூடாது என்பது என் கட்சி. காரணம் அந்த இசை உருவான கதையிலேயே இருக்கிறது.

'பென்ஹர்' படத்துக்கு இசை மிக்லோஷ் ரோஷா. 1907-ல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் பிறந்தவர். மாத்ரா மலையடிவாரக் கிராமங்களில் விவசாயிகள் பாடுவதைச் சின்ன வயதிலேயே காது கொடுத்துக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டவர். பின்னால் ஹாலிவுட் போனார். 1951-ல் வந்த 'குவோ வாடிஸ்' படத்துக்கு அவரைக் கூப்பிட்டபோது, நீரோ காலத்து ரோமாபுரிக்கு என்ன இசை போடுவது என்று உட்கார்ந்து ஆராய்ச்சியே செய்தார். ரோமர்களின் இசை எழுத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை. ஆனால் கிரேக்க இசையில் சில துண்டுகள் மிஞ்சியிருந்தன. அவற்றில் ஒன்று இன்றைய துருக்கியில் கிடைத்த ஒரு கல்லறைத் தூணில் செதுக்கிய பாட்டு. செய்கிலோஸ் கல்வெட்டு என்பார்கள். முழுதாக நமக்குக் கிடைத்திருக்கிற பாட்டுகளில் உலகத்திலேயே மிகப் பழையது அதுதான். ரோஷா அதை எடுத்துப் படத்துக்குள் கொண்டுவந்தார்.

எட்டு வருடம் கழித்து 1959-ல் 'பென்ஹர்'. இயக்குநர் வில்லியம் வைலர் ஒரு யோசனை சொன்னார். இயேசு பிறக்கும் காட்சிக்கு, உலகமே அறிந்த 'அதேஸ்தே ஃபிதேலஸ்' பாட்டைப் போட்டுவிடலாமே என்று. நம்ம கோயில்களில் கிறிஸ்துமஸ் ராத்திரியில் 'பக்தரே வாரும்' என்று பாடுவோமே, அதே மெட்டுதான். கேட்டவுடனே ஜனங்கள் உருகிவிடுவார்கள். சுலபமான வழி. ரோஷா முடியாது என்றுவிட்டார். முதல் நூற்றாண்டுப் பெத்லகேமில் பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பியப் பாட்டுக்கு என்ன வேலை என்பது அவர் கேள்வி. தானே புதிதாக ஒன்று எழுதினார். அந்தப் படம் வாங்கிய 11 ஆஸ்கர்களில் ஒன்று அவருடைய இசைக்கு.

இப்போது சொல்லுங்கள். "எல்லாருக்கும் தெரிந்த பாட்டுதானே, அதைப் போட்டுவிடலாம்" என்பதற்கு முடியாது என்று சொல்லி உருவான இசையை, "எல்லாருக்கும் தெரிந்த இசைதானே, போட்டுவிடலாம்" என்று நாம் போடுகிறோம். ரோஷாவிடம் இருந்து பென் டிரைவில் பாட்டை மட்டும் ஏற்றிக்கொண்டு, அவருடைய புத்தியை விட்டுவிட்டோம்.

அடுத்து, ஒரு நடைமுறைச் சிக்கல். சினிமா இசை எப்படி எழுதப்படுகிறது? படம் எடிட் ஆன பிறகு இசையமைப்பாளர் அதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார். இத்தனையாவது விநாடியில் கதவு திறக்கிறது, இத்தனையாவது விநாடியில் அவன் திரும்பிப் பார்க்கிறான் என்று குறித்துக்கொள்வார். அந்த அளவுக்குத்தான் இசை. தையல்காரர் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. 'பென்ஹர்' படத்தில் நாசரேத்தில் ஒரு காட்சி வரும். சங்கிலியில் கட்டி இழுத்துப்போகும் பென்ஹருக்கு ஒரு கை தண்ணீர் தருகிறது. இயேசுவின் முகத்தை அந்தப் படத்தில் கடைசி வரை காட்டவே மாட்டார்கள். முகம் செய்ய வேண்டிய வேலையை அங்கே இசை செய்கிறது. ஆர்கனும் வயலின்களும் சேர்ந்து மெதுவாக எழும். அந்தத் தண்ணீருக்கு, அந்தக் கைக்கு, தடுக்க வந்த படைவீரன் தயங்கிப் பின்வாங்கும் அந்த நொடிக்கு எழுதியது அது.

அதே இசையை நம்ம மேடையில் போட்டால் என்ன ஆகும்? நம்ம இயேசுவின் முகம் ஐந்நூறு பேருக்குத் தெரிகிறது. பத்தாவது படிக்கும்போது அவர் அடித்த சிக்ஸர் வரை தெரியும். இசை முடிவதற்குள் வசனம் முடிய வேண்டும் என்பதால் அவர் அவசர அவசரமாகப் பேசுகிறார். இல்லையென்றால் வசனம் முடிந்தும் இசை முடியாமல், கையை நீட்டியபடியே நின்றுகொண்டிருக்கிறார். ஆர்மோனியக்காரர் ஒருவர் மேடை ஓரம் உட்கார்ந்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. நடிகர் அழுதால் அவர் காத்திருப்பார். நடிகர் வசனத்தை மறந்தால் ரெண்டு சுற்று கூட வாசிப்பார். பென் டிரைவுக்குக் கண் கிடையாது.

'டென் கமாண்ட்மெண்ட்ஸ்' கதையும் இதேதான். 1956-ல் அந்தப் படத்துக்கு இசையமைத்தபோது எல்மர் பெர்ன்ஸ்டைனுக்கு 34 வயது. எகிப்திலிருந்து ஜனங்கள் வெளியேறும் பிரம்மாண்டமான காட்சிக்கு அவர் முதலில் நிதானமான, கனமான இசையை எழுதிக்கொண்டு போனார். இயக்குநர் டிமில் வேண்டாம் என்றார். திரையில் அத்தனை ஆயிரம் பேர் மெதுவாக நகர்கிறார்கள், இசையும் மெதுவாகப் போனால் காட்சி படுத்துவிடும், வேகமாக எழுது என்றார். அவர் சொன்னது சரிதான். வேகமான இசை வந்ததும் அதே கூட்டம் வேகமாக நடப்பது போலத் தோன்றியது. அதாவது அந்த இசை ஒரு பெரிய கூட்டத்தைத் தள்ளிவிடுவதற்காகவே எழுதப்பட்டது. நம்ம மேடையில் பன்னிரண்டு சீடர்கள், குருத்தோலை பிடித்த பதினைந்து பிள்ளைகள். யாரைத் தள்ளுவதற்கு இவ்வளவு பெரிய இசை?

சரி, இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று. 'பென்ஹர்' என்றாலே எல்லாருக்கும் ஞாபகம் வருவது ரதப் பந்தயம். அந்தப் பந்தயத்துக்கு என்ன இசை என்று யோசித்துப் பாருங்கள். ஒன்றுமே கிடையாது! பந்தயத்துக்கு முந்தைய அணிவகுப்புக்கு எக்காளம் முழங்கும். குதிரைகள் ஓட ஆரம்பித்த பிறகு குளம்புச் சத்தம், சக்கரச் சத்தம், கூட்டத்தின் கூச்சல், அவ்வளவுதான். அவ்வளவு பெரிய ஆர்கெஸ்ட்ராவை வைத்துக்கொண்டு, படத்தின் மிகப் பெரிய காட்சியில் அதைச் சும்மா உட்காரவைத்தார்கள். நம்ம பாஸ்காவில் ஆணி அடிக்கும் சத்தத்தைக் கேட்டவர்கள் யாராவது உண்டா? சுத்தியல் விழும்போதெல்லாம் மேலே வயலின் விழுந்துகொண்டிருக்கும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, திறந்தவெளியில், மரத்தில் இரும்பு இறங்கும் சத்தத்துக்கு ஈடான இசையை யாரால் எழுத முடியும்?

ஹாலிவுட்காரர்களே இந்த ஒட்டவைக்கும் வேலையைச் செய்து மாட்டிக்கொண்ட கதையும் உண்டு. 1965-ல் வந்த 'தி கிரேட்டஸ்ட் ஸ்டோரி எவர் டோல்ட்' படத்துக்கு இசை ஆல்ஃப்ரட் நியூமேன். சாதாரண ஆள் இல்லை, முதல் சினிமாஸ்கோப் படமான 'தி ரோப்' அவர் இசைதான். லாசர் உயிர்த்தெழும் காட்சிக்கு அவர் எழுதியது இருக்க, இயக்குநர் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் ஹேண்டலின் அல்லேலூயா கோரஸைக் கொண்டுவந்து வைத்தார். அருமையான பாட்டுதான், யார் இல்லை என்றது? ஆனால் அதைக் கேட்டவுடன் பார்க்கிறவனுக்கு லாசரும் பெத்தானியாவும் மறந்துபோய், கோட் போட்டு வரிசையாக நிற்கும் பாடகர்கள்தான் ஞாபகம் வருவார்கள். எனக்கு அப்படித்தான் வந்தது. உயிர்ப்புக் காட்சிக்கு நாம் செய்வதும் அச்சு அசலாக இதேதான்.

இப்போது அந்தச் சாட்டையடி கோரஸ். டிவியில் கிரிக்கெட் விளம்பரம் முதல் பேய்ப்படம் வரை எல்லாவற்றுக்கும் போடுவார்களே, 'ஓ ஃபார்ச்சுனா'. லத்தீனில் பத்து நிமிடம் யாராவது கத்தினால் அது பைபிள் என்று நினைத்துவிடுகிறோம். அது கார்ல் ஓர்ஃப் எழுதி 1937-ல் அரங்கேறிய 'கார்மினா புரானா' என்ற தொகுப்பின் முதல் பாட்டு. அதிர்ஷ்ட தேவதை மனுஷனைப் படுத்தும் பாட்டைப் பற்றிப் புலம்புகிற பாட்டு. அதே தொகுப்பில் சாராயக்கடைப் பாட்டும் காதல் பாட்டும் உண்டு. நம்ம ஊரில் கல்தூணில் கட்டி இயேசுவை அடிக்கும்போது பின்னால் ஒலிப்பது அதிர்ஷ்டம் கெட்டுப்போன ஒருவனின் புலம்பல்! என்ன கொடுமை சார் இது.

"வெள்ளைக்காரன் கதைக்கு வெள்ளைக்காரன் இசை, இதில் என்ன தப்பு?" என்று ஒரு நண்பன் கேட்டான். முதலில், அது வெள்ளைக்காரன் கதையே இல்லை, மேற்கு ஆசியாவில் நடந்த கதை. இரண்டாவது, வெள்ளைக்காரன் தன் ஊர்ப் பாஸ்காவுக்கு என்ன செய்கிறான் என்று பார்ப்போம். ஜெர்மனியில் ஓபராமெர்காவ் என்று ஒரு மலைக்கிராமம். 1634-லிருந்து அங்கே பாடுகளின் நாடகம் நடக்கிறது. பத்து வருடத்துக்கு ஒருமுறை. 2020-ல் நடக்க வேண்டியது கொரோனாவால் தள்ளிப்போய் 2022-ல் நடந்தது. அந்த ஊரில் பிறந்தவர்கள், இல்லையென்றால் இருபது வருடம் குடியிருந்தவர்கள்தான் நடிக்கலாம். அதற்கு இசை எழுதியவர் யார் தெரியுமா? ரோகுஸ் டெட்லர் என்ற அந்த ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். திருத்தித் திருத்தி இன்னும் அதையேதான் வைத்திருக்கிறார்கள். பாடகர் குழுவும் ஆர்கெஸ்ட்ராவும் ஊர்க்காரர்களே. மொசார்ட்டும் பீத்தோவனும் வாழ்ந்த மண்ணுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, எங்களுக்கு எங்கள் வாத்தியார் எழுதியது போதும் என்கிறார்கள்.

நமக்கு அப்படி யாரும் இல்லையா? இங்கேதான் எனக்கு ஆதங்கம். அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடக் கரைக்குப் பக்கத்தில் ஏலாக்குறிச்சி இருக்கிறது. அடைக்கல மாதா கோயில். திருவிழாவுக்கு வண்டி கட்டிக்கொண்டு போகிறோம், மொட்டை போடுகிறோம், பொரி வாங்கிக்கொண்டு வருகிறோம். அங்கே வாழ்ந்த வீரமாமுனிவர் யார்? 1680-ல் இத்தாலியில் பிறந்த பெஸ்கி. 'மெசியா' எழுதிய ஹேண்டலைவிட ஐந்தே வயது மூத்தவர். ஐரோப்பாவின் கோயில் இசையைக் கேட்டு வளர்ந்த ஆள். இங்கே வந்து என்ன செய்தார்? ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயர் வைத்து, திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார். கித்தேரியம்மாளுக்கு அம்மானை பாடினார். சூசையப்பர் கதையைத் தேம்பாவணியாக 3,615 விருத்தங்களில் பாடினார். மகனை இழந்த மாதாவின் துயரத்துக்கென்றே 'அன்னை அழுங்கல் அந்தாதி' பாடினார். கலம்பகம், அம்மானை, அந்தாதி எல்லாம் நம்ம வடிவங்கள். இத்தாலிக்காரர் நம்ம மண்ணின் பாட்டைத் தேடி வந்து கற்றுக்கொண்டு பாடிய ஊருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, நாம் ஹாலிவுட் பாட்டை ஓடவிடுகிறோம்.

இன்னொருவர், யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள். 1676-ல் கோவாவில் பிறந்து, இலங்கைக்குப் போய், தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்தவர். பெரிய வெள்ளிக்கிழமை நம்ம கோயில்களில் ராகம் போட்டு வாசிக்கிற 'வியாகுலப் பிரசங்கம்' அவர் எழுதியது. அவர் சேர்ந்திருந்த சபை, ரோமில் புனித பிலிப்பு நேரி தொடங்கிய 'ஓரட்டரி'யைப் பார்த்துக் கோவாவில் உண்டான சபை. ரோமில் அந்த ஓரட்டரியின் ஜெபக்கூட்டங்களில் பாடிய பாட்டுகளிலிருந்து வந்ததுதான் 'ஓரட்டோரியோ' என்ற இசை வடிவமும் அதன் பெயரும். ஹேண்டலின் 'மெசியா' ஓர் ஓரட்டோரியோ. ஹாலிவுட் விவிலியப் படங்களில் வரும் கோரஸுக்கெல்லாம் தாத்தா அதுதான். 'மெசியா' டப்ளினில் அரங்கேறியது 1742-ல். கொன்சால்வெஸ் அடிகள் இறந்ததும் அதே 1742-ல். ஒரே வேரிலிருந்து ஒரு கிளை டப்ளினில் பாடகர் குழுவாக முளைத்தது, இன்னொரு கிளை நம்ம ஊர் உபதேசியார் குரலில் வியாகுலமாக முளைத்தது. முதலாவதற்கு ஸ்பீக்கர் கட்டுகிறோம். இரண்டாவது வாசிக்கும்போது வெளியே போய் நிற்கிறோம்.

இதற்கெல்லாம் அடியில் ஒரு கூச்சம் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதையும் பேசிவிடலாம். எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில், மாதா மகனை மடியில் போட்டு அழும் காட்சிக்கு ஒரு பாட்டியை ஒப்பாரி பாடச் சொல்லலாம் என்று நாடகக் கமிட்டியில் சிலர் சொல்லிப் பார்த்தார்கள். அந்தப் பாட்டி வாயைத் திறந்தால் கல்லும் கரையும். "சாவு வீட்டுப் பாட்டைக் கோயில் மேடையில் பாடறதா?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். கடைசியில் அந்தக் காட்சிக்குப் போட்டது ஒரு ரெக்வியம்.

ரெக்வியம் என்றால் என்ன? செத்தவர்களுக்காக வைக்கும் பூசைக்கு உரிய இசை. அதுவும் சாவுப் பாட்டுதானே ஐயா! லத்தீனில் அழுதால் பக்தி, தமிழில் அழுதால் தீட்டா? இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். கல்வாரியில் நடந்தது என்ன, கல்யாணமா? ஒரு தாய் மகனைப் பறிகொடுத்து நிற்கிறாள். அந்த இடத்தில் பாட வேண்டிய பாட்டு நம்மிடம் ஏராளமாக இருக்கிறது, அதைப் பாடத் தெரிந்தவர்களும் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். ரோஷா தேடிப் போனதும் ஒரு கல்லறைப் பாட்டைத்தான். பறைக்கும் இதே கதி. சிலுவைப் பாதைக்குப் பறையைவிடப் பொருத்தமான வாத்தியம் எது? அதை மறுக்கிறவர்களின் மனதில் இருப்பது இசையைப் பற்றிய கவலை அல்ல, அதை அடிக்கிறவர் எந்தத் தெருக்காரர் என்ற கணக்கு. பாவிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டவரின் கதையை நடிக்கும் மேடையில் இந்தக் கணக்கு!

செலவு அதிகம் என்பார்கள். பி.காம். படிக்கிறவனிடம் கணக்கு சொல்லக்கூடாது :-) பென் டிரைவ் இசை இலவசம் என்பது தப்புக் கணக்கு. எங்கள் பாடத்தில் வாய்ப்புச் செலவு என்று ஒன்று உண்டு. ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது எதைக் கைவிட்டாயோ, அதுதான் அதன் உண்மையான விலை. ஒவ்வொரு வருடமும் நாம் கைவிடுவது ஓர் ஆர்மோனியக்காரருக்குக் கிடைக்க வேண்டிய மேடை, ஒரு பறைக்குழுவுக்குக் கிடைக்க வேண்டிய மரியாதை, ஒரு பாட்டியிடமிருந்து பேத்தி கற்றுக்கொள்ள வேண்டிய மெட்டு. மெஷின் தேய்ந்தால் புதிது வாங்கலாம், அதற்கென்று தேய்மான நிதி ஒதுக்குவார்கள். பாட்டியின் பாட்டு போய்விட்டால் எந்தக் கடையில் வாங்குவது? இதில் இன்னொரு கூத்தும் உண்டு. பாஸ்காவை யூட்யூபில் நேரலையாகப் போட்டால், அந்த ஹாலிவுட் இசைக்குக் காப்புரிமை என்று சொல்லிச் சத்தத்தையே முடக்கிவிட வாய்ப்பு இருக்கிறது. துபாயில், சிங்கப்பூரில் இருக்கிற நம்ம ஊர்க்காரர்கள் ஊமைக் கல்வாரிதான் பார்க்க வேண்டும்.

அப்படியானால் ஆர்கெஸ்ட்ராவே கூடாதா, கோரஸே கூடாதா? அப்படி நான் சொல்லவில்லை. 2005-ல் இளையராஜா திருவாசகத்தை ஓரட்டோரியோவாகச் செய்தார். வாசித்தது புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா. (ரோஷா பிறந்த அதே புடாபெஸ்ட்!) அந்த முயற்சிக்குத் துணை நின்றது ஜெகத் கஸ்பர் என்ற கத்தோலிக்கக் குருவின் தமிழ் மையம். அங்கே மாணிக்கவாசகரின் வார்த்தைதான் ராஜா. வயலின்கள் அதற்குப் பின்னால் நடந்து வருகின்றன. தெலுங்கில் 1978-ல் வந்த 'கருணாமயுடு' இயேசுவின் வாழ்க்கைப் படம்தான். நம்ம 'பாசமலர்' பீம்சிங் இயக்கியது. சிலுவை சுமக்கும் காட்சிக்கு ஹாலிவுட் பாணியில் எதையும் தேடாமல் எஸ்.பி.பி. குரலில் ஒரு தெலுங்குப் பாட்டை வைத்தார்கள். ஆந்திராவில் இன்றைக்கும் அந்தப் பாட்டு வாழ்கிறது. யாழ்ப்பாணத்தில் 1965-ல் மரியசேவியர் அடிகள் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் பாடுகளின் நாடகத்தையும் நாட்டுக்கூத்தையும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக வளர்த்தது. வழி காட்டியவர்கள் இல்லை என்று நாம் சொல்லவே முடியாது.

அதனால் நம்ம பக்கத்துப் பாஸ்கா கமிட்டி அண்ணன்களுக்கும் மாமாக்களுக்கும் ஒரு வேண்டுகோள். எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் மாற்றச் சொல்லவில்லை. அரண்மனைக் காட்சிக்கு எக்காளம் வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள். கல்வாரியிலிருந்து கல்லறை வரைக்குமான அரை மணி நேரத்துக்கு மட்டும் பென் டிரைவைக் கழற்றிவிடுங்கள். சிலுவைப் பாதைக்கு ஒற்றைப் பறை. ஆணி அடிக்கும்போது சுத்தியல் சத்தம் மட்டும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பாடுகிற நம்ம பாடகர் குழுவே கூட்டத்துக்கு நடுவே நின்று "சிலுவையில் அறையும்" என்று கத்தட்டும், பிறகு அதே வாயால் அழட்டும். கோரஸ் என்றால் அதுதான். மாதாவின் மடியில் மகனைக் கிடத்தியதும் அந்தப் பாட்டியைக் கூப்பிட்டு மேடை ஓரத்தில் உட்காரவைத்து, மைக்கைக் கையில் கொடுங்கள். எப்போது நிறுத்த வேண்டும் என்று அவருக்கே தெரியும்.

எந்த ஊரில் செய்தாலும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஜெயங்கொண்டமோ திருமானூரோ, எவ்வளவு ராத்திரியானாலும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன். ரோம வீரன் வேஷத்துக்கு ஆள் குறைந்தால் அதற்கும் ரெடி.